ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு 14 மாதம்

2018 ஜூன் 26, ரஷ்யாவின் சோச்சி நகரம். அந்த மட்சில் பெரு அணிக்கு வெல்ல ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. முதல் இரண்டு மட்சிலும் 1-0 எண்டு தோற்று, உலகக்கிண்ணத்தைவிட்டு ஏற்கனவே வெளியேறியாயிற்று. ஆனாலும் 50ஆவது நிமிடத்தில் அணித்தலைவர் பாவ்லோ குரேரோ அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரு கோல் அடித்தபோது, பெரு ரசிகர்களுக்கு அது வெறும் ஆறுதல் கோல் இல்லை. 36 வருடங்களுக்குப் பிறகு அந்த நாடு உலகக்கிண்ணத்துக்கு வந்திருந்தது. குரேரோவுக்கு 34 வயது. அதுதான் அவர் விளையாடிய முதல் உலகக்கிண்ணம்.

இதில் இன்னொரு கதையும் இருக்கு. அந்தக் கோலை வாங்கிய அவுஸ்திரேலிய அணியின் தலைவர் மிலே ஜெடினாக். ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன், "குரேரோவை விளையாட விடுங்கள்" எண்டு ஃபிஃபாவுக்குக் கடிதம் எழுதிய மூன்று பேரில் அவரும் ஒருவர். மற்ற இருவர் பிரான்ஸின் ஹூகோ லொரிஸ், டென்மார்க்கின் சைமன் கியார். மூன்று பேருமே அதே குழுவில் பெருவோடு மோதவிருந்த அணிகளின் தலைவர்கள். எதிரணியின் முக்கியமான ஸ்ட்ரைக்கர் வராவிட்டால் நல்லம் எண்டுதானே யாரும் நினைப்பார்கள்? இவர்கள் ஏன் வரவேணும் எண்டு கேட்டார்கள்?

2017 ஒக்டோபர் 5ஆம் திகதி புவனஸ் அயர்ஸில் ஆர்ஜென்டினாவுக்கும் பெருவுக்கும் உலகக்கிண்ணத் தகுதிகாண் மட்ச் நடந்தது. முடிந்தபிறகு குரேரோவிடம் சிறுநீர் மாதிரி எடுத்தார்கள். கொக்கேயின் உடம்புக்குள் சிதையும்போது உண்டாகும் பொருள் அதில் இருந்தது. நவம்பரில் தற்காலிகத் தடை வந்தது. நியூசிலாந்துக்கு எதிரான இறுதித் தகுதி மட்சுகளை அவர் வெளியில் இருந்துதான் பார்த்தார்.

குரேரோவின் விளக்கம் எளிமையானது: தான் கொக்கேயின் எடுக்கவில்லை, குடித்த தேத்தண்ணியில் கொக்கா இலை கலந்திருக்கவேணும். எங்களுக்கு இது சாட்டுமாதிரித் தெரியலாம். ஆனால் அந்தீஸ் மலைநாடுகளில் கொக்கா இலைத் தேநீர், எங்கட வீடுகளில் இஞ்சித் தேத்தண்ணி மாதிரி. உயரமான இடத்தில் தலை சுற்றினால், வயிறு சரியில்லையெண்டால் அதைத்தான் குடிப்பார்கள். கடையில் பக்கெட்டில் விற்கும். அந்த இலையிலிருந்துதான் கொக்கேயினும் எடுக்கப்படுகிறது. அதனால் இலையைக் குடித்தாலும் தூளை இழுத்தாலும் சிறுநீரில் ஒரே பொருள்தான் தெரியும். குரேரோவின் தரப்பு, அந்தீஸ் மலையில் கிடைத்த சுமார் 500 வருடப் பழைமையான இன்கா மம்மிகளைக்கூட உதாரணம் காட்டியது. அந்த உடல்களிலும் அதே பொருள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது.

பிறகு நடந்ததைக் கவனியுங்கோ. 2017 டிசம்பரில் ஃபிஃபாவின் ஒழுக்காற்றுக் குழு 1 வருடத் தடை விதித்தது. அதே மாதம் ஃபிஃபாவின் மேன்முறையீட்டுக் குழு அதை 6 மாதமாகக் குறைத்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் (சுருக்கமாக 'வாடா', சிரிக்காதேங்கோ) இது போதாது எண்டு விளையாட்டுத்துறை நடுவர் நீதிமன்றத்துக்குப் போனது. தண்டனையே வேண்டாம் எண்டு குரேரோவும் போனார். 2018 மே 14ஆம் திகதி, உலகக்கிண்ணம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது, அந்த நீதிமன்றம் தடையை 14 மாதமாக்கியது.

ஒரே மனிதர், ஒரே மாதிரி, ஒரே பொருள். எட்டு மாதத்துக்குள் மூன்று தீர்ப்பு: 12, 6, 14. மூன்றாவது தீர்ப்பை எழுதியவர்கள்கூட, விளையாட்டுத் திறனைக் கூட்டுவதற்காக அவர் இதை எடுக்கவில்லை எண்டதை ஏற்றுக்கொண்டார்கள். அப்ப எதுக்குத் தண்டனை? பெரிய தவறு இல்லை, ஆனால் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம், அதற்கு. அந்த அளவு தவறுக்குச் சட்டத்தில் இருந்த ஆகக்குறைந்த தண்டனையே 1 வருடம். ஃபிஃபாவின் 6 மாதம் அதற்குக் கீழே போய்விட்டது எண்டதுதான் பிரச்சினை.

இந்தச் சட்டத்தின் அத்திவாரம் ஒரே ஒரு விதி: உன் உடம்புக்குள் என்ன இருக்கோ, அதற்கு நீதான் பொறுப்பு. எப்படி வந்தது, யார் தந்தது, தெரிந்தா தெரியாமலா எண்டதெல்லாம் தண்டனையின் அளவைப் பேசும்போதுதான் வரும். ஆய்வுகூடம் "என்ன" எண்ட கேள்விக்குப் பதில் சொல்லும். "எப்படி", "ஏன்" எண்ட கேள்விகளுக்குப் பதில் தேடுவது வீரரின் தலையில். உதைபந்தாட்டத்தில் ஊக்கமருந்துப் பரிசோதனையின் வரலாறு முழுக்க, இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க யாருக்கு வாய்ப்புக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை எண்டதுதான்.

உலகக்கிண்ணத்தில் பரிசோதனை 1966இல் தொடங்கியது. முதலில் பிடிபட்டு விலக்கப்பட்டவர் 1974இல் ஹெய்ட்டி அணியின் பின்கள வீரர் ஏர்னஸ்ட் ஜோன்-ஜோசப். இத்தாலியுடனான மட்சுக்குப் பிறகு அவருடைய மாதிரியில் ஊக்கி மருந்து தெரிந்தது. ஆஸ்துமாவுக்கு எடுத்த மருந்து எண்டார் அவர். அணியின் வைத்தியரே அதை மறுத்தார். அப்போது ஹெய்ட்டியில் டுவாலியே குடும்பத்தின் சர்வாதிகாரம். ஹெய்ட்டி அதிகாரிகள் அவரை அடித்து, முகாமிலிருந்து இழுத்துக்கொண்டு போய் விமானம் ஏற்றினார்கள் எண்டு அன்றைய செய்திகள் சொல்லின. சட்டத்தரணி இல்லை, மேன்முறையீடு இல்லை. அவருடைய விளக்கம் உண்மையா பொய்யா எண்டு விசாரிக்கக்கூட யாருக்கும் அக்கறை இருக்கவில்லை.

நாலு வருடம் கழித்து ஆர்ஜென்டினாவில் ஸ்கொட்லாந்து வீரர் வில்லி ஜோன்ஸ்டன். பெருவுடனான மட்சுக்குப் பிறகு பிடிபட்டார். ஒவ்வாமைக்கு எடுத்த குளிசை எண்டது அவர் சொன்ன காரணம். ஃபிஃபா சர்வதேச மட்சுகளில் 1 வருடத் தடை விதித்தது. ஆனால் ஸ்கொட்லாந்துச் சங்கம் அவரை அடுத்த விமானத்தில் வீட்டுக்கு அனுப்பி, இனி ஒருநாளும் தேசிய அணிக்கு எடுப்பதில்லை எண்டு முடிவெடுத்தது. உலக அமைப்புக் கொடுத்ததைவிடச் சொந்த வீட்டார் கொடுத்த தண்டனை பெரிசு. ஊடகங்களுக்கு முன்னால் சங்கத்தின் மானத்தைக் காப்பாற்ற அது தேவைப்பட்டது போல.

மரடோனாவின் கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரு கணக்கை யாரும் பெரிசாகப் பேசுவதில்லை. 1991இல் நாப்போலிக்கு விளையாடும்போது கொக்கேயினுக்காக 15 மாதத் தடை. 1994 உலகக்கிண்ணத்தில் நைஜீரியாவுடனான மட்சுக்குப் பிறகு எபெட்ரின் வகைப் பொருள்களுக்காக மீண்டும் 15 மாதத் தடை. முதலாவது, அவரே பிறகு பலமுறை ஒத்துக்கொண்ட ஒரு போதைப் பழக்கம், அதாவது நோய். இரண்டாவது, பயிற்சியாளர் ஒருவர் தந்த சத்துணவுத் தயாரிப்பால் வந்தது எண்டு அவர் தரப்பு சொன்ன விசயம். நோய்க்கும் 15 மாதம், குளிசைக்கும் 15 மாதம். "என் கால்களை வெட்டிப்போட்டார்கள்" எண்டு அவர் 1994இல் அழுதது மிகைதான். ஆனால் 33 வயதில் 15 மாதம் எண்டால் அதற்குப் பிறகு சர்வதேச மட்ச் இல்லை எண்டுதான் அர்த்தம். அப்படித்தான் நடந்தது.

1999இல் வாடா உருவானது. 2004இல் எல்லா விளையாட்டுக்கும் பொதுவான சட்டக்கோவை நடைமுறைக்கு வந்தது. முதல் தடவை பிடிபட்டால் 2 வருடம் எண்டது அதன் பொது விதி. ஃபிஃபா முரண்டு பிடித்தது. ஒவ்வொரு வீரரையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் தண்டிக்கவேணும் எண்டது அதன் வாதம். காசுள்ள விளையாட்டு தனக்கு விதிவிலக்குக் கேட்குது எண்டு மற்றவர்கள் சொன்னார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. எல்லாருக்கும் ஒரே அளவுகோல் இல்லையெண்டால் ஆளுக்கொரு நீதி. ஒரே அளவுகோல் மட்டும் எண்டால் தேத்தண்ணி குடித்தவரும் ஊசி போட்டவரும் ஒன்று.

காலப்போக்கில் சட்டம் இரண்டுக்கும் நடுவில் நிற்கப் பார்த்தது. ஆனால் நடைமுறையில் கிடைத்தது என்ன? 2003 செப்டெம்பரில் மன்செஸ்டர் யுனைட்டட்டின் ரியோ ஃபேர்டினன்ட் பரிசோதனைக்கு நிற்க மறந்து பயிற்சி மைதானத்தைவிட்டுப் போனார். இரண்டு நாளுக்குள் கொடுத்த மாதிரி சுத்தமாக இருந்தது. தண்டனை 8 மாதத் தடை, 50,000 பவுண் தண்டம், 2004 யூரோ கிண்ணமும் போச்சு. அதே காலத்தில், அதே நகரத்தில், மன்செஸ்டர் சிற்றியின் கிறிஸ்டியன் நெகுவாய் ஒரு பரிசோதனையைத் தவறவிட்டதற்கு அதே ஆங்கிலேயச் சங்கம் விதித்தது 2,000 பவுண் தண்டம் மட்டும். இரண்டு சம்பவமும் அச்சொட்டாக ஒன்றில்லை. ஆனால் 2,000 பவுணுக்கும் 8 மாதத்துக்கும் இடையில் இருக்கும் தூரத்தை அது விளக்குமா?

இன்னொரு சோடி. 2011இல் கோலோ டுரே மனைவியின் மெலிவுக் குளிசையை எடுத்துப் பிடிபட்டார்: 6 மாதம். 2021இல் அயக்ஸின் கோல் காப்பாளர் அன்ட்ரே ஒனானா மனைவியின் குளிசையைத் தவறுதலாக எடுத்தார். ஏமாற்றும் நோக்கம் இல்லை எண்டு யூஏஃபாவே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் 12 மாதம். மேன்முறையீட்டில் 9 ஆனது.

தண்டனையே இல்லாமல் தண்டிக்கப்பட்டவரும் இருக்கிறார். 2016இல் லிவர்பூலின் மமடு சாக்கோ, கொழுப்புக் குறைக்க எடுத்த ஒரு தயாரிப்பில் ஹிஜெனமின் எண்ட பொருள் இருந்ததற்காக 30 நாள் தற்காலிகமாகத் தடைசெய்யப்பட்டார். அந்த 30 நாளுக்குள் ஐரோப்பா லீக் இறுதிப்போட்டி வந்து போனது. பிரான்ஸிலேயே நடந்த யூரோ கிண்ணத்திலும் அவர் அணியில் இல்லை. ஜூலையில் தீர்ப்பு வந்தது: அந்தப் பொருள் தடைப்பட்டியலில் இருக்கு எண்டது தெளிவில்லை, வழக்குத் தள்ளுபடி. அவர் வாடாவுக்கு எதிராக லண்டனில் மானநட்ட வழக்குப் போட்டார். 2020இல் வாடா மன்னிப்புக் கேட்டு நட்டஈடும் கொடுத்தது. காசு வந்தது, பெயர் திரும்பியது. அந்த இறுதிப்போட்டி திரும்பவில்லை.

மனிதரைப் பார்த்த தீர்ப்புகளும் இல்லாமல் இல்லை. 2015இல் ஹல் சிற்றியின் ஜேக் லிவர்மோர் கொக்கேயினுக்குப் பிடிபட்டபோது, பிறந்த குழந்தையைப் பறிகொடுத்த துயரத்தில் அவர் இருந்ததைக் கருத்தில் எடுத்து, ஆங்கிலேயச் சங்கம் தடையே விதிக்கவில்லை. இரண்டு வருடத்துக்குள் அவர் இங்கிலாந்து அணிக்கே திரும்ப விளையாடினார். 1991இல் மரடோனாவிடம் இப்படி யாராவது "உனக்கு என்ன நடந்தது?" எண்டு கேட்டிருந்தால் எண்டு நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, அப்ப "உடம்புக்கு நீயே பொறுப்பு" எண்ட விதியைத் தூக்கி எறியலாமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். நோக்கத்தை வாடாதான் நிரூபிக்கவேணும் எண்டு வைத்தால், பிடிபடுகிற எல்லாருக்கும் ஒரு மனைவியின் குளிசையோ ஒரு தேத்தண்ணிக் கோப்பையோ கிடைக்கும். உண்மையிலேயே ஏமாற்றுகிறவர் தப்புவார், எதுவும் எடுக்காமல் ஓடித் தோற்றவர் முட்டாளாவார். அவருக்கும் நீதி வேணும்.

பிரச்சினை விதியில் இல்லை, விதிக்குப் பிறகு வருவதில் இருக்கு. "எப்படி", "ஏன்" எண்டு நிரூபிப்பது வீரரின் வேலை எண்டால், அதற்கு நிபுணர் வேணும், சட்டத்தரணி வேணும், மேன்முறையீட்டுக்குக் காசு வேணும், எல்லாத்தையும்விட நேரம் வேணும். சாக்கோவுக்கு லிவர்பூல் தந்த சம்பளம் இருந்தது. குரேரோவுக்கு ஒரு நாடே பின்னால் நின்றது. ஒரு சின்ன நாட்டின் இரண்டாம் பிரிவில் விளையாடுகிறவருக்கு என்ன இருக்கு? அவருக்குச் சட்டப் புத்தகம் ஒன்றுதான், ஆனால் அதைத் திறக்கிற திறப்பு வேற ஆட்களின் கையில்.

சட்டம் திருந்தும் எண்டதற்கும் சாட்சி இருக்கு. கொக்கேயின் மாதிரிச் சமூகத்தில் புழங்குகிற போதைப்பொருள்களை 2021இன் புதிய கோவை தனியாகப் பிரித்தது. போட்டிக்கு வெளியில், விளையாட்டுத் திறனோடு சம்பந்தமில்லாமல் எடுத்தது எண்டு வீரர் காட்டினால் தடை 3 மாதம். சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் 1 மாதம். அதாவது "எப்போது, எதற்கு" எண்ட கேள்வி சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. இதேமாதிரி தற்காலிகத் தடைக்குக் கறாரான காலக்கெடுவும், காசில்லாத வீரருக்குச் சட்ட உதவியும் முழுசாக வந்தால்தான் அந்தக் கேள்வி எல்லாருக்கும் பொதுவாகும்.

குரேரோவுக்கு வருவோம். மூன்று தலைவர்களின் கடிதம் ஃபிஃபாவின் கையில் ஒன்றையும் மாற்றவில்லை. 2018 மே 31ஆம் திகதி சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் தடையை இடைநிறுத்தியது. ஒரு வீரரின் கடைசி வாய்ப்பாக இருக்கக்கூடியது பறிபோனால் அதைத் திருப்பித்தர முடியாது எண்டதை அது கணக்கில் எடுத்தது. அதனால்தான் சோச்சியில் அந்தக் கோல். ஆகஸ்டில் இடைநிறுத்தம் நீங்கியது. மிச்சத் தடையை அனுபவித்து 2019 ஏப்ரலில் திரும்பினார். அந்த ஜூலையில் மரக்கானா மைதானத்தில், கோப்பா அமெரிக்கா இறுதிப்போட்டியில் பிரேசிலுக்கு எதிராகப் பெனால்டியில் ஒரு கோல் அடித்தார். பெரு 3-1 எண்டு தோற்றது.

அவர் விளையாடியது எனக்குச் சந்தோசம்தான். ஆனால் அந்தக் கோலை யூடியூபில் பார்க்கிற ஒவ்வொரு தடவையும், 1974இல் மியூனிக்கில் இழுத்துக்கொண்டு போகப்பட்ட அந்த ஹெய்ட்டிக்காரர் ஞாபகத்துக்கு வருகிறார். ஆஸ்துமா மருந்து எண்ட அவருடைய சொல்லை யாராவது ஒருநாள் சோதித்துப் பார்த்திருக்கலாம்.