ஜீரோ எங்கே எடுத்திருக்கே?

மெஷின் ஷாப்பில் பத்து வருஷம் குப்பை கொட்டியவனுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டால் வயிற்றில் கொஞ்சம் புளி கரைக்கும். புனே பக்கம் இந்தியில் கேட்பார்கள்: "ஜீரோ கஹா லியா?" சிஎன்சி மெஷினில் ஜாப்பைக் கட்டியதும் முதலில் முடிவு செய்ய வேண்டியது அதுதான். ஜாப்பின் எந்த மூலை, எந்தத் துளை, எந்த முகம் பூஜ்யம்? அப்புறம் ஒவ்வொரு டூலும் எவ்வளவு நீளம்? இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றதை மெஷின் பார்த்துக்கொள்ளும். தப்பாக இருந்தாலும் அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்யும். அதுதான் பிரச்னையே!

இந்தக் கேள்வி எப்போது பிறந்தது? பழைய மில்லிங் மெஷினில் இது பெரிய விஷயமே இல்லை. தொழிலாளிக்குக் கண் இருக்கிறது, கை இருக்கிறது. கட்டரை ஜாப்பில் உரசவிட்டு, டயலைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு, வேலையை ஆரம்பித்துவிடுவார்.

1940களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டிராவர்ஸ் சிட்டி என்ற ஊரில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவுக்கு வார்ப்புரு வெட்ட வேண்டும். அவருடைய இன்ஜினியர் ஃபிராங்க் ஸ்டூலன், ஐபிஎம்மின் துளை அட்டைக் கணக்கு மெஷினில் அந்த வளைவை 200 புள்ளிகளாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். பட்டியலை ஒருவர் உரக்கப் படிப்பார். எக்ஸ் கைப்பிடியை ஒருவர், ஒய் கைப்பிடியை இன்னொருவர் திருப்புவார். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெட்டு, கடைசியில் அரம் போட்டுச் சமன் செய்வது. கிட்டத்தட்ட நம்மூர் ஏலக்கடை மாதிரிதான்.

இதை மெஷினே செய்தால் என்ன என்று பார்சன்ஸ் யோசித்தார். 1949ல் அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது. வேலை எம்ஐடிக்குப் போனது. 1952ல் ஒரு சின்சினாட்டி ஹைட்ரோ-டெல் மில்லிங் மெஷினை, துளையிட்ட காகித நாடாவால் ஓட்டிக் காட்டினார்கள்.

இங்கேதான் சிக்கல். நாடாவுக்குக் கண் கிடையாது. "எக்ஸ் 50" என்று எழுதியிருந்தால், எங்கிருந்து 50?

ஆரம்பகாலக் கன்ட்ரோல்கள் பலவற்றில் பூஜ்யம் மெஷின் பெட்டில் ஓர் இடத்தில் நிலையாக இருந்தது. ஜாப்தான் அதைத் தேடிப் போய் உட்கார வேண்டும். பிறகு பூஜ்யத்தை நகர்த்தும் வசதி வந்தது. ஜி92 கட்டளைக்கு அர்த்தம், "இப்போது டூல் நிற்கிற இடத்துக்கு இதுதான் எண், மற்றதை இதிலிருந்து எண்ணிக்கொள்" என்பது. வசதிதான். ஆனால் நடுவில் கரண்ட் போய், டூல் வேறு இடத்தில் நிற்கும்போது மறுபடி ஓட்டினால் பூஜ்யமும் கூடவே நகர்ந்துவிடும். அடிக்கடி கரண்ட் போகிற ஊரில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அதற்கு வந்த தீர்வுதான் ஜி54 முதல் ஜி59 வரை. மெஷினின் ஹோம் நிலையிலிருந்து ஜாப்பின் பூஜ்யம் எவ்வளவு தூரம் என்பதை கன்ட்ரோலின் நினைவகத்திலேயே எழுதி வைத்துவிடுவது. கரண்ட் போனாலும் அந்த எண் போகாது.

டூல் நீளத்தின் கதை தனி. ஒரே டூல் என்றால் கவலை இல்லை. 1958ல் கியர்னி அண்ட் டிரெக்கர் கம்பெனியின் மில்வாக்கி-மேட்டிக் தானாகவே டூல் மாற்ற ஆரம்பித்தது. ஒவ்வொரு டூலும் ஒவ்வொரு நீளம். நாடாவில் ஒரே நீளத்தை எழுதிவிட்டால், டூல் ரூமில் அதே நீளத்துக்கு ஒவ்வொன்றையும் செட் செய்து அனுப்ப வேண்டும். ட்ரில்லைச் சாணை பிடித்தால் குட்டையாகிவிடும், மறுபடி செட்டிங். பிறகு பேனலில் சுழற்றுகிற எண் சுவிட்சுகள் வந்தன. வித்தியாசத்தை ஆபரேட்டரே வைத்துக்கொள்ளலாம். அதுவே பின்னால் நினைவகத்துக்குப் போய், ஜி43ம் எச் எண்ணும் ஆனது.

தொட்டுப் பார்க்கும் வேலையையும் மெஷினே செய்வதற்கு வழி வேறு இடத்திலிருந்து வந்தது. 1972ல் கான்கார்ட் விமான இன்ஜினின் மெல்லிய குழாய்களை அளக்க டேவிட் மெக்மர்ட்ரி ஒரு தொடு-புரோப் கண்டுபிடித்தார். அடுத்த வருஷம் ரெனிஷா கம்பெனி பிறந்தது. அளக்கும் மெஷினுக்கு வந்த புரோப் பின்னால் ஸ்பிண்டிலுக்கும் வந்தது.

இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த ஏற்பாட்டை நான் ஒரே ராத்திரியில் தோற்கடித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். டி4ல் இருந்த 122 மில்லிமீட்டர் ட்ரில்லுக்குப் பதிலாக, டி7ல் 180 மில்லிமீட்டர் ட்ரில். புரோகிராமில் டி எண்ணை மாற்றினேன். எச்4ஐ மாற்றவில்லை. மெஷினைப் பொறுத்தவரை ட்ரில் 58 மில்லிமீட்டர் குட்டை. ஜாப்புக்கு மேலே 5 மில்லிமீட்டரில் நிற்க வேண்டியது, ராபிட் வேகத்தில் 53 மில்லிமீட்டர் உள்ளே இறங்கப் பார்த்தது. ட்ரில் தூள், ஜாப் குப்பை.

சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தியது லாத்தூர் பக்கத்து ஆபரேட்டர். ஆஃப்செட்டை அவன்தான் கெடுத்தான் என்று முடிவு செய்து, ஒரு நாள் சம்பளத்தைப் பிடிக்கச் சொல்லிவிட்டார்கள். "சாப், நான் எதையும் தொடவே இல்லை" என்று என்னிடம்தான் வந்து சொன்னான். நானும் அவனை நம்பவில்லை. மறுநாள் புரோகிராமைத் திறந்தபோதுதான் அந்த எச்4 கண்ணில் பட்டது. மேனேஜரிடம் போய் என் தப்பு என்று எழுதிக் கொடுத்தேன். சம்பளம் திரும்பக் கிடைத்தது. அவன் அதற்கப்புறம் என்னோடு டீ குடிக்க வருவதை நிறுத்திவிட்டான்.

அன்றிலிருந்து டி எண்ணும் எச் எண்ணும் ஒன்றாகவே வைக்கிறேன். ஜீரோ எங்கே என்று செட்டிங் ஷீட்டில் படம் போட்டுக் கையெழுத்தும் போடுகிறேன். முதல் ஜாப்புக்கு நானே மெஷின் பக்கத்தில் நிற்கிறேன். நாடா காலத்தில் ஆரம்பித்த கேள்வி இன்னும் தீரவில்லை. எங்கிருந்து எண்ணுகிறோம் என்று எழுதியவன் சொல்லாவிட்டால், அடி வாங்குவது பட்டனை அழுத்துகிறவன்தான்.