தாது வருடத்துக் கூலிப் பதிவேடும் மாதாந்திர வேலையின்மை விகிதமும்: பாகாலாவிலிருந்து ஒரு பார்வை

2025 மே 15 அன்று இந்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம், நாட்டின் வேலைவாய்ப்பு நிலையை மாதவாரியாகக் கூறும் முதல் அறிக்கையை வெளியிட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள உழைப்புப் படையினரிடையே வேலையின்மை விகிதம் 5.1 விழுக்காடு, ஊரகத்தில் 4.5, நகர்ப்புறத்தில் 6.5. மே மாதத்தில் நாடளாவிய விகிதம் 5.6 ஆக உயர்ந்தது. ராபி அறுவடை முடிந்ததும் கோடையின் கடுமையும் காரணங்களாகக் கூறப்பட்டன. ஊடகங்கள் இதனைப் புதிய தொடக்கமாக வரவேற்றன. ஆனால் உழைப்போரைக் குறுகிய கால இடைவெளியில் எண்ணும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதிதன்று. அதன் முந்தைய வடிவங்களை அறிய, சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே உள்ள பாகாலா வட்டாரத்தை ஒரு சாளரமாகக் கொள்ளலாம்.

பாகாலா ஓர் இருப்புப்பாதைச் சந்திப்பு. காட்பாடியிலிருந்து திருப்பதி வழியாகக் கூடூர் செல்லும் பாதையும், மதனப்பள்ளிப் பக்கமாகத் தர்மாவரம் செல்லும் பாதையும் இங்கே பிரிகின்றன. 1890களில் தென்னிந்திய இரயில்வேயின் மீட்டர் பாதைகள் இவ்வூரைச் சந்திப்பாக்கின. சுற்றிலும் ஏரிப் பாசனம், நிலக்கடலை, கரும்பு, மாந்தோப்பு. தெலுங்கும் தமிழும் அருகருகே வழங்கும் நிலம். இப்பகுதி 1911 ஏப்ரல் 1 வரை வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் புதிதாக அமைந்த சித்தூர் மாவட்டத்துக்குச் சென்றது. 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது அதற்குள் வந்தது. ஓர் ஊரின் கூலி வரலாற்றை எழுத முனையும் ஆய்வாளர் எதிர்கொள்ளும் முதல் இடர் இதுவே. ஊர் நகரவில்லை, அதன் புள்ளிவிவரம் சேர்க்கப்பட்ட மாவட்டம் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

முதற்கட்டம் தாது வருடப் பஞ்சத்தில் தொடங்குகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வதைத்த அப்பஞ்சத்தில் வட ஆற்காடு கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. வேலையிழந்த உழவுக் கூலிகளுக்குச் சாலை போடுதல், ஏரி வெட்டுதல் முதலிய நிவாரணப் பணிகள் திறக்கப்பட்டன. பணிக்கு வந்தோர் தொகையும் தானிய விலையும் மாவட்டங்களிலிருந்து தவறாமல் மேலிடத்துக்கு அனுப்பப்பட்டன. 1877 ஜனவரியில் பஞ்சத்தைப் பார்வையிட வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், செலவு மிகுகிறது என்று கருதி, வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அதற்குமேல் சிறு காசுமே கூலியாகத் தரவேண்டும் என்றார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதனை எதிர்த்தார். உழைக்கும் உடலைத் தாங்க அவ்வுணவு போதாது என்பது அவர் வாதம். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. ஆயினும் அதற்குள் நலிந்த உடல்கள் பல.

அக்காலப் பதிவேடுகளை இன்று வாசிக்கையில் ஒன்று தெளிவாகிறது. நிவாரணப் பணிக்கு வந்தோர் எண்ணிக்கை குறைந்தபோதெல்லாம் அதனைத் தேவை குறைந்ததன் அறிகுறியாகக் காட்ட நிர்வாகத்தால் முடிந்தது. கூலி குறைந்ததால் திரும்பிப் போனவர்களும், நடக்க வலுவற்று வராதவர்களும் அதே எண்ணுக்குள் மறைந்தனர். எண் பொய் சொல்லவில்லை. அது எந்தக் கேள்விக்கு விடை என்பதே மறைக்கப்பட்டது.

1880இல் பஞ்ச ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது. அதன் வழியில் 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவானது. தானிய விலையேற்றம், மக்கள் ஊர்விட்டு ஊர் அலைதல் முதலியவற்றை அதிகாரிகள் கண்காணிக்க வேண்டும். ஐயம் எழுந்தால் 'சோதனைப் பணி' திறக்க வேண்டும். குறைந்த கூலிக்குக் கடினமான வேலையைச் செய்யக் கூட்டம் திரண்டால் பஞ்சம் உண்மை, திரளாவிட்டால் இல்லை. வேலையின்மையை அளக்க அரசு இங்கு ஏற்படுத்திய முதல் முறையான கருவி இதுவென்று கூறலாம். கேள்வித்தாளுக்குப் பதிலாக மண்வெட்டியும் கூடையும் நீட்டப்பட்டன.

அடுத்த அரை நூற்றாண்டில் 'வேலையின்மை' என்ற சொல்லே பெரும்பாலும் படித்த வகுப்பினரைக் குறித்தது. ஐக்கிய மாகாணத்தில் 1930களில் அமைந்த சப்ரூ குழுவின் கவலையும் அதுவே. மழை பொய்த்தால் வேலை இழக்கும் கூலிக்குப் பஞ்ச விதி இருந்தது. மழை பெய்த ஆண்டிலும் நான்கு மாதம் சும்மா இருக்கும் கூலிக்குப் பெயரே இல்லை. 1945இல் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்காகத் தொடங்கப்பட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் பின்னர் எல்லோருக்கும் திறந்தன. அவற்றின் நடப்புப் பதிவேட்டில் உள்ளோர் எண்ணிக்கை நெடுங்காலம் மாதாந்திர வேலையின்மையின் அடையாளமாகப் பயன்பட்டது. பதிவு செய்தோர் யாவரும் வேலையற்றோர் அல்லர். வேலையற்றோர் யாவரும் பதிவு செய்தோர் அல்லர். கிராமத்து உழவுக்கூலி, அதிலும் பெண், அப்பதிவேட்டில் ஏறுவது அரிது.

விடுதலைக்குப் பின் மாதிரிக் கணக்கெடுப்பு வந்தது. 1950இல் மகலனோபிஸின் முயற்சியால் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. 1950-51இல் வேளாண் கூலிகள் குறித்த முதல் அனைத்திந்திய விசாரணை நடைபெற்றது. எனினும் அடிப்படைச் சிக்கலைத் துலக்கியது 1970இல் வெளியான தாந்த்வாலா குழுவின் அறிக்கை. சொந்த நிலத்தில் வீட்டார் அனைவரும் பகிர்ந்து உழைக்கும் நாட்டில், வேலையின்மையை ஒற்றை எண்ணால் அளக்கும் மேலைநாட்டு முறை பொருந்தாது என்று அது எடுத்துரைத்தது. அதன் விளைவாக 1972-73இன் 27ஆம் சுற்றில் மூன்று அளவுகள் இடம்பெற்றன: ஓராண்டு நிலை, ஒரு வார நிலை, ஒரு நாள் நிலை. மூன்றாவது அளவே பகுதி வேலையின்மையை ஓரளவு காட்டியது. ஆனால் இப்பெருங்கணக்கு ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் எடுக்கப்பட்டது.

2006 பிப்ரவரி 2 அன்று ஊரக வேலை உறுதித் திட்டம் அனந்தபுரம் மாவட்டத்தின் பண்ட்லபள்ளியில் தொடங்கிவைக்கப்பட்டது. பாகாலாவிலிருந்து புறப்படும் தர்மாவரப் பாதை சென்று சேரும் வறண்ட நிலப்பகுதி அது. முதற்கட்ட 200 மாவட்டங்களில் சித்தூரும் ஒன்று. மீண்டும் சாலை, ஏரி, வாய்க்கால். மீண்டும் வருகைப் பதிவேடு. வெளித்தோற்றத்தில் பஞ்ச நிவாரணப் பணியின் மறுபிறவி. ஆனால் உறவு தலைகீழாகியிருந்தது. வேலை கேட்பது சட்ட உரிமை. 15 நாளுக்குள் தராவிட்டால் வேலையின்மைப் படி தரவேண்டும். அன்று மக்கள் தம் பசியை நிரூபிக்க வேண்டியிருந்தது. இன்று வேலை தர இயலாமைக்கு அரசு விடை சொல்ல வேண்டும் என்பது சட்டத்தின் எழுத்து. நடைமுறையில் அப்படி வழங்கப்படுவது மிக அரிதாக இருந்தது என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே.

2017 ஏப்ரலில் காலமுறை உழைப்புப் படை ஆய்வு தொடங்கியது. அதன் முதலாண்டு முடிவான 6.1 விழுக்காடு வெளிவருவதற்கு முன்பே அரசியலானது. வெளியீடு தாமதமான நிலையில், 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் இரு உறுப்பினர்கள் பதவி விலகினர். அறிக்கை மக்களவைத் தேர்தல் முடிந்த பின் மே 31 அன்று வெளியிடப்பட்டது. அப்போதும் நகரங்களுக்கு மட்டுமே காலாண்டு மதிப்பீடு. கிராமங்களுக்கு ஆண்டுக்கு ஒன்று. 2025 ஜனவரி முதல் ஆய்வு திருத்தியமைக்கப்பட்டது. ஆண்டுக்கு 2,72,304 வீடுகள் மாதிரியில் இடம்பெறுகின்றன. ஒவ்வொரு வீடும் அடுத்தடுத்த நான்கு மாதங்கள் அணுகப்படுகிறது. ஊரகமும் மாதக் கணக்குக்குள் வந்தது.

இம்முன்னேற்றத்தின் எல்லைகளையும் காணவேண்டும். மாதாந்திர விகிதம் ஒரு வார நிலையை அடிப்படையாகக் கொண்டது. முந்தைய ஏழு நாட்களில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் ஒருவர் வேலையுள்ளவரே. 1982ஆம் ஆண்டின் பன்னாட்டு உழைப்புப் புள்ளியியலாளர் மாநாட்டின் தீர்மானமும் இவ்வரையறையையே வகுத்தது. ஆகவே அது இந்தியாவின் தந்திரமன்று. ஆனால் ஒரு மணி நேரமும் ஆறு நாளும் ஒரே கட்டத்தில் விழும்போது, தாந்த்வாலா எழுப்பிய வினா மீண்டும் உயிர்பெறுகிறது. கூலியோ மாத அறிக்கையில் இல்லை. ஊரகக் கூலியைத் தொழிலாளர் பணியகம் மாதந்தோறும் தனியே திரட்டி வந்தது. 20 மாநிலங்களின் 600 கிராமங்கள் அதன் மாதிரியாக நெடுங்காலம் இருந்தன. வேலையும் கூலியும் இரு வேறு ஏடுகளில் இருப்பதால் இரண்டையும் சேர்த்து வாசிப்போர் சிலரே.

பாகாலாவுக்குத் திரும்புவோம். இம்மண்டலத்தின் தாமலச்செருவு, பெயர்பெற்ற மாங்காய்ச் சந்தை. தோத்தாபுரி வரத்து மிகும் ஜூன், ஜூலை மாதங்களில் பறிப்பு, தரம் பிரித்தல், சுமையேற்றல், சித்தூர்ப் பகுதியின் மாங்கூழ் ஆலைகள் என வேலை குவிகிறது. பருவம் முடிந்ததும் வற்றுகிறது. நாட்டின் வட பகுதிக் கோதுமை அறுவடை முடிந்து தேசிய விகிதம் ஏறும் கோடையின் இறுதியில் இங்கே வேலைக்காலம் தொடங்குகிறது. தேசிய விகிதத்தின் ஏற்ற இறக்கம் இவ்வட்டாரத்தின் மூச்சைக் காட்டாது. புதிய ஆய்வு வடிவமைப்பில் மாவட்டமே அடிப்படை அலகாக்கப்பட்டுள்ளது என்பதால் அதற்கான விதை ஊன்றப்பட்டிருக்கிறது. ஆனால் மாத மதிப்பீடுகள் நாடளாவிய அளவிலேயே வெளியாகின்றன.

தாது வருடத்தின் அதிகாரி ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பேர் மண் சுமந்தனர் என்பதை அறிந்திருந்தார்; அவர்கள் ஏன் வராமற் போயினர் என்று கேட்கவில்லை. இன்றைய ஆய்வாளர் வேலை தேடினீர்களா, கிடைத்தால் செய்வீர்களா என்று வீடு தேடிச் சென்று கேட்கிறார். விடை எந்த மாவட்டத்துக்குரியது என்று மாத அறிக்கை கூறுவதில்லை. உழைப்பு வரலாற்றைப் பயிலும் மாணவர்கள் இவ்விரு மௌனங்களையும் ஒருங்கே வாசிக்கப் பழகவேண்டும். மாதந்தோறும் ஓர் எண் வெளிவரும்போது, அது யாரை எண்ணியது, எவ்வளவு உழைப்பை வேலையெனக் கொண்டது, அதற்கு என்ன கூலி கிடைத்தது என்ற மூன்று வினாக்களையும் உடன் எழுப்புவது அப்பயிற்சியின் தொடக்கமாக அமையும்.