எண்ணிக்கையும் எடையும்

சேத்தியாத்தோப்புக்கு அருகே பரந்து கிடக்கும் வீராணம் ஏரி, 10ஆம் நூற்றாண்டில் சோழர் வெட்டியது. அந்தச் சோழர் காலத்தில் ஒரு நகையிலிருந்து கல் உதிர்ந்துவிட்டால் எப்படிக் கண்டுபிடித்திருப்பார்கள்?

விடை தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் இருக்கிறது. முதலாம் இராசராசன் எடுப்பித்த இக்கோயில் 1010இல் நிறைவுற்றது. கோயிலுக்கு அளிக்கப்பட்ட நகைகள் ஒவ்வொன்றாகக் கல்வெட்டில் பதிவாகியுள்ளன. பொன் எவ்வளவு, முத்து எத்தனை, வைரம் எத்தனை, எந்தக் கல்லில் புள்ளி, எதில் முறிவு என்றெல்லாம் குறித்திருக்கிறார்கள். பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்ற எடைக்கல். மணிகள் பதித்த நகைகளை நிறுக்கத் 'தட்சிண மேரு விடங்கன்' என்ற வேறு எடைக்கல். உள்ளிருக்கும் அரக்கையும் சேர்த்தே நகையின் எடையைச் சொல்லியிருக்கிறார்கள்.

எடையோடு எண்ணிக்கையும் எதற்கு? அன்றைய சிற்றெடை குன்றி. ஏறத்தாழ 120 மில்லிகிராம். 2 மில்லிகிராம் எடையுள்ள பொடி வைரம் ஒன்று உதிர்ந்தால் அத்தராசு காட்டாது, எண்ணினால் தெரிந்துவிடும். மாறாக, நல்ல கல்லை எடுத்துவிட்டு மட்டமான கல்லை வைத்தால் எண்ணிக்கை குறையாது. எடையும் குறைக் குறிப்புகளும்தாம் காட்டிக்கொடுக்கும். அரக்கைச் சேர்த்து நிறுத்ததும் பொருத்தமே. நகையைப் பிரிக்காமலே மறுபடி நிறுத்துப் பார்க்கலாம் அல்லவா? பொதுச்சொத்தின் கணக்கை ஊரறியக் கல்லில் வெட்டி வைத்தது அதனினும் பெரிய காவல்.

கல் ஏன் ஆடுகிறது? அரக்கு என்பது ஒருவகைப் பூச்சி சுரக்கும் பிசின். சுமார் 75 டிகிரி செல்சியசில் உருகும், சாராயத்தில் கரையும், நாள்படக் காய்ந்து வெடிக்கும். ஆகவே அரக்கு வைத்த நகையை வெந்நீரில் இடலாகாது. 1886இல் அமெரிக்காவின் டிஃபனி நிறுவனம் ஆறு கொக்கிகள் வைரத்தைத் தூக்கிப் பிடிக்கும் மோதிரத்தை வெளியிட்டது. இவ்வகையில் அரக்கு இல்லை. ஆனால் கொக்கி தேயும்.

உங்கள் வீட்டு நகையை நீங்களே சோதிக்கலாம். காதருகே வைத்து மெல்ல அசையுங்கள். ஒலி கேட்டால் கல் ஆடுகிறது. பஞ்சால் தடவுங்கள், இழை சிக்கினால் கொக்கி நிமிர்ந்திருக்கிறது. உருப்பெருக்கியால் பார்த்துக் கற்களை எண்ணுங்கள். ஐயமிருந்தால் பத்தரிடம் காட்டும்வரை அணியாதீர்கள்.

எண்ணிக்கையையும் எடையையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சையில் செய்ததும் அதுதான்.