துப்பாக்கி ஒப்படைப்பும் உரிமதாரர் உரிமையும் (இந்தியா)

துப்பாக்கி ஒப்படைப்பு என்பது, சட்டப்படி இனி வைத்திருக்க முடியாத துப்பாக்கியையும் தோட்டாக்களையும் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ சேர்க்கும் கடமை. உரிமம் காலாவதியாதல், இடைநிறுத்தம், ரத்து, உரிமதாரரின் மரணம் ஆகியவை இக்கடமைக்கான வழக்கமான காரணங்கள். தேர்தல் காலத்தில், செல்லுபடியாகும் உரிமம் உள்ளவர்களும் தற்காலிகமாக ஒப்படைக்க நேரிடுகிறது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் இதை நெறிப்படுத்துகின்றன. ஒப்படைப்பு வேறு, பறிமுதல் வேறு. ஒப்படைத்தவர் தம் பொருளைத் திரும்பப் பெறவோ விற்றுப் பணம் பெறவோ சட்டம் இடமளிக்கிறது. குடிமக்களை நம்பாத ஓர் ஆட்சியின் கருவியாகத் தொடங்கிய இவ்விதி, அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட விதியாக மாறியதே இதன் வரலாறு.

காலனிய ஆட்சிக் காலம்

தென்னாட்டில் ஆயுதக் களைவு பாளையக்காரர் போர்களின் முடிவில் நடந்தது. 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை, பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது.

1857 பெருங்கிளர்ச்சிக்குப் பின் இது நாடு தழுவிய கொள்கையானது. 1860ஆம் ஆண்டின் சட்டம், தேவைப்படும் பகுதிகளில் மக்களிடமிருந்து ஆயுதங்களைக் களையும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்த 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உரிமமின்றி ஆயுதம் தாங்கக் கூடாது என்றது. உரிமம் முடிந்தவர்கள் ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் சேர்க்க வேண்டும் என்ற விதி அதன் 16ஆம் பிரிவில் இருந்தது. ஐரோப்பியர்களுக்கு விதிகளின் வழியே விலக்கு கிடைத்தது. இந்தியர்கள் உரிமத்துக்காகக் காத்திருந்தார்கள். இந்த இனப் பாகுபாடு அச்சட்டத்தின் மீது நீங்காத கறை.

விடுதலை இயக்கத்தின் எதிர்ப்பு

1887இல் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாவது மாநாடு, ஆயுதச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அகிம்சையைப் போதித்த காந்தியும் இதில் ஒதுங்கி நிற்கவில்லை. 1930 ஜனவரியில் அவர் அரசின் முன் வைத்த பதினோரு கோரிக்கைகளில், மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத் தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் வழங்குவதும் ஒன்று. 1931இல் கராச்சி மாநாட்டின் அடிப்படை உரிமைத் தீர்மானமும், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சேர்த்துக்கொண்டது.

ஆயினும் அரசமைப்புச் சட்டத்தில் அந்த உரிமை இடம்பெறவில்லை. 1948 டிசம்பரில் அரசமைப்பு நிர்ணய சபையில் எச்.வி. காமத் இதற்கான திருத்தத்தைக் கொண்டுவந்தார். அம்பேத்கர் எதிர்த்தார், சபை திருத்தத்தை நிராகரித்தது.

1959ஆம் ஆண்டின் சட்டம்

சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. உரிம முறை தொடர்ந்தாலும், அதிகாரியின் கை பல இடங்களில் கட்டப்பட்டது. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க விரும்பும் விவசாயிக்கு, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கான உரிமத்தை 13ஆம் பிரிவு தனியே குறிப்பிடுகிறது. 17ஆம் பிரிவின் கீழ் உரிமத்தை இடைநிறுத்தினாலோ ரத்து செய்தாலோ காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

ஒப்படைப்பின் இதயம் 21ஆம் பிரிவு. வைத்திருக்கும் உரிமை முடிந்தவுடன் தேவையற்ற தாமதமின்றி ஆயுதத்தைச் சேர்க்க வேண்டும். படைவீரராக இருந்தால் தம் படைப்பிரிவின் ஆயுதக் கிடங்கில் சேர்க்கலாம். சேர்க்கும்போது துப்பாக்கியில் பொறித்த எண்ணை உரிமப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தோட்டாக்களை எண்ணிக் குறிக்கிறார்கள். பொருளின் விவரம், ஒப்படைத்தவர் பெயர், தேதி அடங்கிய அட்டை துப்பாக்கியில் கட்டப்படுகிறது. ஒப்படைத்தவருக்கு ரசீது கிடைக்கிறது. பிற்பாடு துப்பாக்கியைக் கேட்டுப் பெற அவருக்குள்ள முதல் ஆதாரம் அந்த ரசீதுதான்.

குறித்த காலத்துக்குள் உரிமத்தைப் புதுப்பித்தால் துப்பாக்கியைத் திரும்பப் பெறலாம். இல்லையேல், அதைப் பெறத் தகுதி உள்ளவருக்கு விற்கலாம். இரண்டும் நடக்காவிட்டால்தான் மாவட்ட நடுவர், அதாவது ஆட்சியர், அதை அரசுடைமையாக்க ஆணையிடுவார். அதற்கு முன் ஒப்படைத்தவருக்கோ, அவர் இறந்திருந்தால் சட்டப்படியான வாரிசுக்கோ எழுத்தில் அறிவிப்பு அனுப்பி, காரணம் கூற 30 நாள் தர வேண்டும். உரிமம் இடைநிறுத்தத்தில் மட்டும் இருக்கும் காலத்தில் பறிமுதல் கூடாது. தந்தையின் துப்பாக்கியை என்ன செய்வதென்று அறியாமல் நிற்கும் குடும்பங்களுக்கு இந்த 30 நாள் பெரும் பாதுகாப்பு.

தேர்தல் காலம்

தேர்தல் தேதி அறிவித்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி மாவட்ட நிர்வாகம் அறிவிப்பது தமிழ்நாட்டிலும் பழகிப்போன காட்சி. எல்லோரும் ஒப்படைக்க வேண்டும் என்ற மொத்த உத்தரவுகளை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்தன. பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து, 2009இல் தேர்தல் ஆணையம் மாவட்டந்தோறும் பரிசீலனைக் குழு அமைக்க அறிவுறுத்தியது. ஜாமீனில் வந்தவர்கள், குற்றப் பின்னணி உடையவர்கள், முன்பு கலவரங்களில், குறிப்பாகத் தேர்தல் நேரக் கலவரங்களில், ஈடுபட்டவர்கள் ஆகியோரின் உரிமங்களைக் குழு தனித்தனியே பரிசீலிக்க வேண்டும். முடிவு வெளியாகி ஒரு வாரம் ஆனதும் ஆயுதங்களைத் திருப்பித் தருவது நிர்வாகத்தின் கடமை. வங்கிக் காவலர்களுக்கும் துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்களுக்கும் விலக்கு அளிப்பது வழக்கம்.

2019 திருத்தம்

1983 திருத்தம் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என வரம்பிட்டது. 2019இல் அரசு கொண்டுவந்த மசோதா அதை ஒன்றாகக் குறைக்க முனைந்தது. எதிர்ப்புக்குப் பின் இரண்டாக நிலைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 14 முதல் சட்டம் நடப்புக்கு வந்தது. மூன்றாவது துப்பாக்கியை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதன்பின் 90 நாளில் அதன் உரிமம் நீக்கப்படும் என்றது சட்டம். பரம்பரைத் துப்பாக்கிக்கும் இதே வரம்பு பொருந்தும். உரிமக் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீண்டது. கொண்டாட்டங்களில் பிறர் உயிருக்கு ஆபத்தாகச் சுடுவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்ற தண்டனையும் சேர்ந்தது.

விலக்குகள்

குடகு மக்களுக்கு 1861 முதல் ஆயுதச் சட்ட விலக்கு உண்டு. அங்குள்ள குடவர் இனத்தவரும் ஜம்மா எனும் பரம்பரை நிலம் உடையவர்களும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கலாம். கைல்போது திருவிழாவில் துப்பாக்கிகளுக்குப் பூசை நடக்கிறது. 2019இல் மத்திய அரசு இவ்விலக்கை 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது.

நீதிமன்றங்களின் நிலைப்பாடு

துப்பாக்கி வைத்திருப்பது உயிர் வாழும் உரிமையின் பகுதி என 1993இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் கருதியது. பின்னர் அதன் முழு அமர்வு அதை ஏற்கவில்லை. 2023இல் உச்ச நீதிமன்றமும், உரிமமற்ற துப்பாக்கிகள் பெருகுவதைக் கவலையோடு சுட்டியபோது, அமெரிக்காவைப் போல் இங்கு அது அடிப்படை உரிமையல்ல என்றது.

ஆகவே உரிமதாரரின் உரிமை அரசமைப்பிலிருந்து வருவதில்லை. எழுத்தில் சொல்லும் காரணம், கையில் தரும் ரசீது, 30 நாள் அவகாசம், மேல்முறையீடு ஆகியவற்றிலிருந்தே வருகிறது. பொது அமைதிக்காகத் துப்பாக்கியைக் கேட்க அரசுக்கு முழு அதிகாரம் உண்டு. ஆனால் இந்த நான்கில் ஒன்று தவறினாலும், அந்த அதிகாரம் 1878ஆம் ஆண்டின் சட்டத்துக்கே திரும்பிவிடும்.