துப்பாக்கி உரிமத்துக்கான காவல்துறை விசாரணை (மும்பை)

மும்பையில் துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பிப்பவரை அவர் வசிக்கும் பகுதிக் காவல் நிலையம் அழைத்துப் பேசி, வீட்டைப் பார்த்து, பழைய பதிவுகளைப் புரட்டி, ஆணையரகத்துக்கு அறிக்கை அனுப்பும் நடைமுறை இது. தாராவியில் குடியிருப்பவருக்கு தாராவி அல்லது சாஹு நகர் காவல் நிலையம்; மாட்டுங்காக்காரருக்கு மாட்டுங்கா; செம்பூரில் தெருவைப் பொறுத்து செம்பூர், திலக் நகர், ஆர்.சி.எஃப். என மாறும். உரிமம் தருவதும் மறுப்பதும் கிராஃபோர்ட் மார்க்கெட் அருகிலுள்ள காவல் ஆணையர் அலுவலகத்தின் அதிகாரம். உள்ளூர் நிலையம் எழுதும் அறிக்கை மேலதிகாரிகள் கை வழியாக அங்கே போய்ச் சேர்கிறது.

பாஸ்போர்ட்டுக்கு வரும் வெரிஃபிகேஷன் போலத்தான் இதுவும் என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. பாஸ்போர்ட் விசாரணை, ஆள் யார், வழக்கு உண்டா, சொன்ன முகவரியில்தான் இருக்கிறாரா என்பதோடு முடிந்துவிடும். இங்கே கேள்வி வேறு: இந்த ஆள் கையில் ஆயுதம் இருக்கலாமா, எதற்காக இருக்க வேண்டும்? பதிலை முந்தின நாள் மனப்பாடம் செய்துகொண்டு போய்ப் பயனில்லை. விண்ணப்பத்தில் எழுதியது, வாயால் சொல்வது, நிலையப் பதிவேட்டில் இருப்பது, அக்கம்பக்கத்தார் சொல்வது ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும். இந்த விசாரணைக்குத் தயாராவது என்பதே அந்த நான்கையும் முன்கூட்டிச் சரிபார்த்துக்கொள்வதுதான்.

சட்டம் சொல்வது

இந்தியாவில் ஆயுத உரிமம் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வருகிறது. 1962 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள சட்டம் இது. இப்போதைய விதிகள் 2016இல் வந்தவை. சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, விண்ணப்பம் வந்ததும் உரிமம் வழங்கும் அதிகாரி அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பாளரிடம் அறிக்கை கேட்க வேண்டும். அதற்கு விதிகள் தரும் கெடு 30 நாள். கெடுவுக்குள் அறிக்கை வராவிட்டால், அதிகாரி தக்கது என்று கருதினால் காத்திராமலே முடிவெடுக்கலாம் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. விண்ணப்பதாரர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. தாமதமாகிறதே என்று நினைவூட்டுக் கடிதம் எழுதுகிறவர் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதலாம்.

பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கிக்குச் சட்டத்தில் தனி இடம் உண்டு. ரைஃபிளின் குழலுக்குள் இருக்கும் சுழல்வரிகள் இதில் கிடையாது. உட்குழல் வழவழப்பாக இருக்கும். ஒரே தோட்டாவிலிருந்து பல ரவைகள் சிதறிப் போகும். குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்பதுதான் அந்த 12இன் கணக்கு. வங்கி வாசலில் காவலாளி தோளில் தொங்கும் டபுள் பேரல் பெரும்பாலும் இதுவே. குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத இவ்வகைத் துப்பாக்கியை ஓர் இந்தியக் குடிமகன் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால், அதற்கென்று ஒரு உட்பிரிவு இருக்கிறது. பிஸ்டல், ரிவால்வர் கேட்பவரோ ‘நல்ல காரணம்’ இருப்பதாக அதிகாரிக்குத் திருப்தி வரச் செய்ய வேண்டும். ஏட்டில் இப்படி வேறுபாடு இருந்தாலும், நடைமுறையில் மும்பைக் காவல்துறை இரண்டுக்கும் காரணத்தைத் துருவித்தான் பார்க்கும்.

சட்டத்தின் 9ஆம் பிரிவு சிலரை முதலிலேயே விலக்கிவிடுகிறது. 21 வயது நிரம்பாதவர். வன்முறையோ ஒழுக்கக்கேடோ கலந்த குற்றத்துக்குச் சிறைத் தண்டனை பெற்று, தண்டனை முடிந்து ஐந்தாண்டு ஆகாதவர். அமைதி காப்பேன் என்று பத்திரம் எழுதிக் கொடுக்க உத்தரவிடப்பட்டு அதன் காலம் முடியாதவர். இந்தக் கடைசி வகையில்தான் மும்பையில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சாலில் (வரிசைக் குடியிருப்பில்) தண்ணீர்க் குழாய்ச் சண்டை, பிள்ளையார் மண்டபத் தகராறு, கடைவாசல் கைகலப்பு என்று ஏதோ ஒன்றில் ‘சாப்டர் கேஸ்’ போட்டுப் பத்திரம் வாங்கியிருப்பார்கள். சம்பந்தப்பட்டவர் அதை மறந்தே போயிருப்பார். நிலையப் பதிவேடு மறக்காது.

காரணம்

மும்பையில் உரிமம் கேட்போர் சொல்லும் காரணங்களில் முதன்மையானது உயிர் பயம். 1990களில் இந்த ஊர் பார்த்த மிரட்டிப் பணம் பறித்தல் சாதாரணமானதல்ல. 1997 ஆகஸ்ட் 12 அன்று இசைத் தொழிலதிபர் குல்ஷன் குமார் அந்தேரியில் ஒரு கோயிலுக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் காலத்தில் கட்டடத் தொழிலதிபர்களும் திரைத்துறையினரும் பயத்தோடுதான் தொலைபேசியை எடுத்தார்கள். நடிகர் சல்மான் கானுக்கு 2022 ஆகஸ்டில் மும்பைக் காவல்துறை உரிமம் வழங்கியது; அதற்கு முன் அவருக்கு மிரட்டல் கடிதம் வந்து, அது வழக்காகப் பதிவாகி, அவர் ஆணையரையும் நேரில் சந்தித்திருந்தார்.

பயம் உண்மையாக இருந்தாலும் அதற்குத் தாள் வேண்டும். தாராவியின் 90 அடி சாலையில் நகைக்கடை வைத்திருப்பவர் ‘மிரட்டல் வந்தது சார்’ என்று மட்டும் சொன்னால், ‘எப்போது, புகார் கொடுத்தீர்களா?’ என்பதுதான் அடுத்த கேள்வி. எஃப்.ஐ.ஆர். நகல், குறைந்தபட்சம் என்.சி. (பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாத குற்றம் பற்றிய புகார்) போட்ட ரசீது, வந்த குறுஞ்செய்திகள், எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது என்ற விவரம் எல்லாம் தேதி வரிசையில் கையில் இருக்க வேண்டும். தினமும் பெரும் தொகை எடுத்துச் செல்கிறேன் என்பவர் வங்கிக் கணக்கு அறிக்கை, ஜி.எஸ்.டி. பதிவு, கடை உரிமம் ஆகியவற்றைக் காட்டலாம். ‘பக்கத்துக் கடைக்காரரிடம் இருக்கிறது’ என்பது காரணமாகாது. உரிமத்தைக் கௌரவச் சின்னமாக நினைக்கிறவர்களைக் காவல் அதிகாரிகள் சில நிமிடப் பேச்சிலேயே கண்டுகொள்வார்கள்.

விளையாட்டு என்றால் சுடுதல் போட்டி மட்டுமே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையைக் காரணமாகச் சொல்லவே முடியாது. களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடும் ட்ராப், ஸ்கீட் பிரிவுகளுக்குத்தான் பன்னிரண்டு போர் துப்பாக்கி வேண்டும். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் இந்த ட்ராப் பிரிவில்தான் 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்திய அணியோடு தங்கம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். விளையாட்டைக் காரணம் சொல்பவர் சங்க உறுப்பினர் அட்டை, பயிற்சிப் பதிவு, போட்டிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். வொர்லியில் மகாராஷ்டிரா ரைஃபிள் சங்கத்தின் சுடுதளம் இருக்கிறது. ஒரு நாளும் சுடுதளப் பக்கம் போகாதவர் விளையாட்டுக்காக என்று எழுதினால் எடுபடாது.

நிலையத்தில்

கேள்விகள் பெரும்பாலும் இந்தியிலோ மராத்தியிலோ வரும். பிறந்த ஊர், மும்பைக்கு வந்த ஆண்டு, முன்பு இருந்த முகவரிகள், தொழில், வருமானம், வீட்டில் யார் யார், மனைவியோடு எப்படி, பங்காளிகளோடு சொத்து வழக்கு உண்டா, குடிப்பழக்கம் உண்டா, மனநலத்துக்கு மருந்து எடுத்ததுண்டா. சொந்த ஊரான திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ வழக்கு இருந்தால், அதுவும் கேட்கப்படும். இதிலெல்லாம் மறைப்பதால் வரும் கேடு, சொல்வதால் வருவதை விடப் பெரிது. விடுதலையான பழைய வழக்கு ஒன்று இருந்தால், தீர்ப்பு நகலோடு தானாக எடுத்து வைப்பவருக்கு அது பெரிய தடையாகாமல் போகலாம். மறைத்து உரிமம் வாங்கிவிட்டாலும் 17ஆம் பிரிவின்படி, முக்கியமான தகவலை மறைத்துப் பெற்றது என்ற ஒரே காரணத்துக்காக அதை ரத்து செய்யலாம்.

விண்ணப்பத்தோடு உடல், மன நலம் பற்றிய மருத்துவச் சான்றிதழ் தேவை. போதைப் பொருளுக்கு அடிமையில்லை என்று அதில் தனியே குறிப்பிட்டிருக்க வேண்டும். ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சியையும் 2016 விதிகள் கேட்கின்றன. பயிற்சி முடித்தவரிடம் அதிகாரி சாதாரணமாகக் கேட்பார்: துப்பாக்கி காலியா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? குழலை மடக்கித் திறந்து, இரண்டு அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்ப்பேன் என்று சொல்லத் தெரியாதவர் சான்றிதழை மட்டும் வாங்கிவந்தவர் என்பது புரிந்துவிடும். கல்யாணத்தில், ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடலாமா என்றும் கேட்கலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பிறர் பாதுகாப்புக்குக் கேடாக அப்படிச் சுடுவது இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும் குற்றம். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததும், உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியதும் அதே திருத்தம்தான்.

விசாரணை முடிவில் ‘ஜபாப்’, அதாவது வாக்குமூலம், எழுதப்படும். பெரும்பாலும் மராத்தியில். மூன்று தலைமுறையாகத் தாராவியில் இருந்தும் மராத்தி வாசிக்க வராத தமிழர்கள் இருக்கிறார்கள். அவசரத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இந்த நடைமுறை முழுவதிலும் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ‘சாஹேப், ஏக் பார் பட்கே சுனாயியே’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ‘தம்பியோடு முன்பு வழக்கு இருந்தது, முடிந்துவிட்டது’ என்று நீங்கள் சொன்னது ‘தம்பியோடு வழக்கு இருக்கிறது’ என்று தாளில் இறங்கியிருந்தால், ஆணையரகத்தில் இருப்பவர் படிக்கப்போவது அந்தத் தாளை மட்டுமே.

சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று ஏஜண்டுகள் வருவார்கள். யாராவது பணம் கேட்டால் மகாராஷ்டிரா லஞ்ச ஒழிப்புப் பிரிவின் 1064 எண்ணுக்குச் சொல்லலாம்.

வீடு

மும்பையின் நெரிசல் இந்த விசாரணையில் முக்கியமான இடம் பிடிக்கிறது. செம்பூரில் மூன்று அறை ஃபிளாட்டில் இருப்பவர் சுவரோடு போல்ட் போட்டு முறுக்கிய இரும்பு அலமாரியைக் காட்டிவிடலாம். தாராவியில் பத்துக்குப் பத்து கோலியில் (ஒற்றை அறையில்) ஆறு பேர் படுக்கிறார்கள். கீழே குடும்பம், மேலே மாடியில் தையல் மிஷின், வேலைக்கு வரும் பையன்கள். அந்த இடத்தில் நீளமான ஆயுதம் ஒன்று எங்கே இருக்கும், சாவி யார் இடுப்பில் இருக்கும், தோட்டா வேறு இடத்தில் பூட்டியிருக்குமா என்பது நியாயமான கேள்வி. சொத்து போதாது என்பதற்காக மட்டும் உரிமம் மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஏழை என்பது தடையில்லை. பத்திரமாக வைக்க வழியில்லை என்பது தடைதான், அது தடையாக இருப்பதும் சரிதான். கடையில் பூட்டி வைப்பேன் என்றால் கடையின் பாதுகாப்பைக் காட்ட வேண்டும்.

முகவரிச் சான்றும் சுலபமல்ல. மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் பாகடி (பழைய வாடகை முறை) ரசீது தாத்தா பெயரில் இருக்கும். தாராவியில் போட்டோ பாஸ் (குடிசைவாசி அடையாளச் சீட்டு) ஒரு பெயரில், மின்கட்டணம் இன்னொரு பெயரில். ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை மூன்றிலும் பெயரின் எழுத்தும் அப்பா பெயர் வரும் இடமும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது. தமிழ்ப் பெயர்களின் இனிஷியல் வடநாட்டுப் படிவங்களில் பெரிய தலைவலி.

பூட்டின் அருமையைச் சொல்ல மும்பையிலேயே சான்றுகள் உண்டு. 2024 அக்டோபர் 1 விடியற்காலையில், பயணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நடிகர் கோவிந்தாவின் சொந்த ரிவால்வர் ஜூஹு வீட்டில் தவறுதலாக வெடித்து அவர் காலிலேயே குண்டு பாய்ந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 8 அன்று தகிசரில் முன்னாள் மாநகராட்சி உறுப்பினர் அபிஷேக் கோசால்கர் முகநூல் நேரலையின்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் பயன்படுத்தியது தன்னுடைய மெய்க்காவலரின் துப்பாக்கி என்று காவல்துறை தெரிவித்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் வயது என்ன என்று அதிகாரி கேட்டால், அந்தக் கேள்விக்குப் பின்னால் இப்படிப்பட்ட சம்பவங்கள் இருக்கின்றன.

பிற நாடுகளில்

பிரிட்டனிலும் காவல்துறை அலுவலர் வீட்டுக்கே வந்து பேசி, பெட்டகத்தைப் பார்க்கிறார். ஆனால் அங்கே தற்காப்பு காரணமாக ஏற்கப்படுவதில்லை. 2021 ஆகஸ்டில் பிளிமத் நகரில் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றவரிடம், ஏற்கெனவே பறிமுதல் செய்த துப்பாக்கியைக் காவல்துறை சில வாரங்களுக்கு முன்தான் திருப்பித் தந்திருந்தது. அதன் பிறகு மருத்துவத் தகவலைச் சரிபார்ப்பது கடுமையாக்கப்பட்டது. ஜப்பானில் வகுப்பு, எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு, நேர்விசாரணை எல்லாம் கடக்க வேண்டும். ரைஃபிள் வேண்டுமானால் அதற்கு முன் பத்தாண்டு ரவைத் துப்பாக்கி வைத்திருந்திருக்க வேண்டும்.

முடிவுக்குப் பின்

மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். கேட்டால், பொதுநலனுக்கு மாறாக இல்லாதவரை, அதன் சுருக்கத்தைத் தரவும் வேண்டும். ஆணையரின் முடிவை எதிர்த்து மாநில அரசிடம் 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். நிலைய அறிக்கையில் ஆட்சேபம் எதைப் பற்றியது என்று தெரிந்துகொண்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் ஆதாரத்தோடு பதில் எழுதுவது பலன் தரும். பழைய விண்ணப்பத்தையே நீட்டி எழுதுவது தராது.

கிடைத்தவருக்கும் நிலையத்தோடு உறவு முடிவதில்லை. வாங்கிய ஆயுதத்தைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், உரிமக் காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போதும் விசாரணை உண்டு. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் அறிவித்தால், யாரிடமிருந்து ஆயுதத்தைப் பெற வேண்டும் என்று பார்க்கும் ஆய்வுக் குழுவின் முடிவுப்படி துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி அழைப்பு வரலாம். ஜாமீனில் இருப்பவர்கள், குற்றப் பின்னணி உள்ளவர்கள், முன்பு தேர்தல் கலவரங்களில் ஈடுபட்டவர்கள் இதில் முதலில் வருவார்கள். வீடு மாறினால் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். மறுசீரமைப்புக்காக வேறு இடத்துக்குப் போகவிருக்கும் தாராவிக் குடும்பங்களில் உரிமம் வைத்திருப்பவர், சாமான்களோடு சேர்த்து ஆயுதத்தையும் டெம்போவில் ஏற்றுவதற்கு முன் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.