கால் வீக்கமும் ஒரு பாம்பின் விஷமும்

போன மாதம் மர்பி டவுனில் ஒரு மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நம்மூர்ப் பெரியவர் ஒருவர் மருந்துச் சீட்டை நீட்டி, "தம்பி, இந்த ஒரு மாத்திரை மட்டும் வேண்டாம். கிட்னியைக் கெடுத்துரும்னு சொல்றாங்க" என்றார். அது இதயம் பலவீனமானவர்களுக்கான மாத்திரை. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவிடம் போனில் மருந்து விசாரிக்கும் நம்மில் பலர் இந்த வசனத்தைக் கேட்டிருப்போம். நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். ஆனாலும் இந்தப் பயத்தின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். சுவாரஸ்யமாகத்தான் இருக்கிறது.

1785-ல் இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர், உடம்பில் நீர் கோத்தவர்களுக்கு ஃபாக்ஸ்குளோவ் என்ற செடியின் இலையைக் கொடுத்துப் பார்த்ததைப் புத்தகமாக எழுதினார். சிறுநீர் தாராளமாகப் போய் வீக்கம் வடிந்தது. மருந்து வேலை செய்தது இதயத்தில், பலன் தெரிந்தது சிறுநீரில்! 1827-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்தியில் சூடாக்கினார். சிலருடையது முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரிந்தது. அவர்களுக்குக் கெட்டிருந்தது சிறுநீரகம். ஆக, ஒரே வீக்கம், இரண்டு காரணம்.

இரண்டுக்கும் உறவு இப்படி. இதயம் தளர்ந்தால் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைகிறது. அது உடம்பில் தண்ணீரே இல்லை என்று தப்புக்கணக்குப் போட்டு உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது, ரத்தக்குழாயை இறுக்கும் ஹார்மோன்களையும் கிளப்பிவிடுகிறது. ஏற்கெனவே தளர்ந்த இதயத்துக்கு மேலும் சுமை.

இந்தச் சங்கிலியை அறுக்க வழிகாட்டியது பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷம். 1965-ல் செர்ஜியோ ஃபெரைரா அதில் கண்ட பொருளின் தொடர்ச்சியாக, அமெரிக்காவின் ஸ்குவிப் கம்பெனியில் குஷ்மனும் ஒண்டெட்டியும் கேப்டோபிரிலை உருவாக்கினார்கள். 1981-ல் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. அதன் தம்பிதான் எனலாபிரில். 1987-ல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் மிக மோசமான நிலையில் இருந்த 253 பேர். ஆறு மாதத்தில், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள், எனலாபிரில் சாப்பிட்டவர்களில் 26 சதவீதம்.

பயம் வந்ததும் இங்கேதான். இந்த மாத்திரை சிறுநீரக வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கும். அதனால் தொடக்கத்தில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். முதல் காலாண்டு நட்டத்தைப் பார்த்துக் கடையை மூடலாமா? 1993-ல் வந்த ஆய்வில், சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு கேப்டோபிரில் கொடுத்ததில் மரணம், டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் என்ற ஆபத்து பாதியானது. கெடுக்கும் என்று நினைத்ததே காப்பாற்றியது.

அதற்காகப் பயமே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. 1999-ல் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை மரணத்தை 30 சதவீதம் குறைப்பதாக ஆய்வு வந்ததும், எல்லோரும் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். கனடாவின் ஒண்டாரியோவில் இதயம் தளர்ந்த முதியவர்களில் பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1994-ல் ஆயிரத்துக்கு 2.4 பேர், 2001-ல் 11 பேர். மருந்து நல்லதுதான், ரத்தப் பரிசோதனை கூடவே போகவில்லை.

கடைசி வரவு, ஆப்பிள் மரப்பட்டையில் 1835-ல் கண்டுபிடித்த ஃப்ளோரிசின் வழி வந்த டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின். சர்க்கரைக்காக வந்தவை. 2019, 2020 ஆய்வுகளில் டபாக்ளிஃப்ளோசின், சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இதயம், சிறுநீரகம் இரண்டையும் காத்தது. இந்தியாவில் ஒன்றின் காப்புரிமை 2020-லும் மற்றதன் காப்புரிமை 2025 மார்ச்சிலும் முடிந்தன. 60 ரூபாயை ஒட்டி விற்ற எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரை, சில கம்பெனிகளில் பத்து ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. சம்பளத்தில் ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள். மூட்டுவலிக்குத் தானாக டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறார்களா? (சிறுநீரகத்துக்கு உண்மையான வில்லன்களில் இதுவும் ஒன்று.) வாந்தி, பேதி வந்தால் எந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்டு வைத்திருக்கிறார்களா? முக்கியமாக, கிரியாட்டினினும் பொட்டாசியமும் கடைசியாக எந்தத் தேதியில் பார்த்தார்கள்?