இரண்டு ரூபாய்க்கு என்ன ஈவு? 'மந்தன்' படமும் மக்கள் நிதியின் வரலாறும்

1976இல் வெளிவந்த 'மந்தன்' என்னும் இந்திப் படத்தின் தொடக்கத்தில், முதலாளியின் பெயர் வரவேண்டிய இடத்தில் குஜராத்தின் ஐந்து இலட்சம் உழவர்கள் வழங்கும் படம் என்ற அறிவிப்பு வருகிறது. ஆளுக்கு இரண்டு ரூபாய். மொத்தம் பத்து இலட்சம். மக்கள் நிதி திரட்டலுக்கு இந்தியாவில் அடிக்கடி சுட்டப்படும் சான்று இது. பணம் எவ்வாறு சேர்ந்தது என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. கொடுத்தவருக்கு என்ன திரும்பியது என்ற கேள்வியே குறைவாக ஆராயப்பட்டுள்ளது.

இயக்குநர் ஷியாம் பெனகல் 1934இல் ஹைதராபாத்தின் திருமலகிரியில் பிறந்தவர். நிஜாம் கல்லூரியில் பொருளியல் பயின்றவர். ஹைதராபாத் திரைப்படச் சங்கத்தைத் தொடங்கியவர். தெலங்கானாவின் நிலவுடைமைச் சமூகத்தைப் பேசிய அவருடைய முதல் கதைப்படம் 'அங்குர்' (1974) ஹைதராபாத்தை அடுத்த சிற்றூரில் எடுக்கப்பட்டது. அதற்கு முதலீடு செய்தது பிளேஸ் என்னும் விளம்பரப்பட விநியோக நிறுவனம். அதாவது, ஒற்றை முதலீட்டாளர், இலாப எதிர்பார்ப்பு என்ற வழக்கமான ஏற்பாடு.

'மந்தன்' வேறு வழியில் சென்றது. வெண்மைப் புரட்சி குறித்து ஆவணப்படங்கள் எடுத்திருந்த பெனகல், அதே பொருளில் ஒரு கதைப்படம் எடுக்க விரும்பினார். பணத்திற்கான வழியைக் கண்டவர் வர்கீஸ் குரியன். பால் கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினர்கள் நாள்தோறும் பால் ஊற்றிப் பணம் பெற்றுவந்தனர். அவ்வாறு பெறும் தொகையில் ஒருமுறை மட்டும் இரண்டு ரூபாயை விட்டுக்கொடுக்குமாறு அவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். ஐந்து இலட்சம் பேரிடம் தனித்தனியாகச் சென்று இரண்டிரண்டு ரூபாய் வசூலித்திருந்தால், வசூல் செலவே நிதியில் பெரும்பகுதியை விழுங்கியிருக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பட்டுவாடா அமைப்பு அச்செலவை ஏறக்குறைய இல்லாமலாக்கியது.

மக்கள் நிதி பற்றி 2014இல் செபி வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கை அதனை நன்கொடை, வெகுமதி, கடன், பங்கு என நான்காக வகுக்கிறது. குஜராத் உழவரின் இரண்டு ரூபாய் இவற்றுள் எதிலும் முழுமையாக அடங்காது. அவர்களுக்கு இலாபப் பங்கும் வட்டியும் இல்லை. அவர்கள் பெற்றது படத்தின் உரிமையாளர் என்னும் தகுதி. அதனை அவர்கள் வெறும் சொல்லாகக் கருதவில்லை. படம் திரையிடப்பட்டபோது, தம் படத்தைக் காண ஊர் ஊராக லாரிகளில் வந்திறங்கினர். நிதி அளித்த கூட்டமே பார்வையாளர் கூட்டமாகவும் ஆனது.

எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய தூத்துக்குடியை இதனோடு ஒப்பிடலாம். 1906இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் மூலதன இலக்கும் பத்து இலட்சம் ரூபாயே. பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆசியர் மட்டுமே பங்கு வாங்கலாம் என்ற விதி, நாட்டுப்பற்றையும் பங்கின் தகுதிகளுள் ஒன்றாக்கியது. எனினும் பங்கு என்பது ஈவுத்தொகையை எதிர்நோக்குவது. ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்தின் கட்டணக் குறைப்பும் 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டதும் அந்த எதிர்பார்ப்பைச் சிதைத்தன. 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. 25 ரூபாய் இழப்பு ஒரு குடும்பத்தை உறுத்தும். இரண்டு ரூபாய் இழப்பு அவ்வளவாக உறுத்தாது. 'மந்தன்' ஏற்பாட்டில் இடர் மிக நுண்ணியதாகப் பகுக்கப்பட்டதால், ஊக்கத்தொகை இன்றியே நிதி சேர முடிந்தது.

கேரளத்தில் ஜான் ஆபிரகாமின் ஒடேசா குழு மக்களிடம் சிறுதொகைகள் திரட்டி 'அம்ம அறியான்' (1986) படத்தை எடுத்தது. கைம்மாறாக ஊர்தோறும் சென்று அதனைத் திரையிட்டது. அங்கு ஈவு படக்காட்சியே.

ஆயினும் 'மந்தன்' முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பால் பணத்தில் கழிக்கப்படும் தொகைக்கு 'இல்லை' என்று சொல்வது ஓர் எளிய உறுப்பினருக்கு எவ்வளவு இயன்றிருக்கும்? சங்கத்தின் இசைவும் தனியொருவரின் இசைவும் ஒன்றல்ல. மாடு பேணும் உழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையதாக இருக்க, சங்க உறுப்பினர் தகுதி பெரும்பாலும் ஆண்களிடம் இருந்தது. ஆகவே 'ஐந்து இலட்சம் உழவர்கள்' என்ற தொகைப்பெயருக்குள் யார் கொடுத்தார், யார் உழைத்தார் என்ற வேறுபாடு மறைகிறது. சாதியும் ஊர் அதிகாரமும் கூட்டுறவுத் தேர்தலைத் தீண்டுவதைக் காட்டும் அப்படமே இக்கேள்விக்கு இடமளிக்கிறது.

காலம் தாழ்ந்து வந்த ஈவு ஒன்றும் உண்டு. புதிய ஊர்களில் பால் சங்கங்களை உருவாக்கும் பணிக்கு இப்படம் பயன்பட்டது. திரையிடலோடு கால்நடை மருத்துவர், தீவன வல்லுநர் முதலியோரும் அவ்வூர்களுக்குச் சென்றனர். பெனகல் பின்னர்க் கைத்தறிக் கூட்டுறவு அமைப்புகளின் ஆதரவில், ஹைதராபாத்தை அடுத்த போச்சம்பள்ளி நெசவாளரைக் குறித்து 'சுஸ்மன்' (1987) எடுத்தார். மீட்டெடுக்கப்பட்ட 'மந்தன்' 2024இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

இன்றைய இணையவழித் திரட்டல்கள் சட்டை, ஒப்பமிட்ட சுவரொட்டி, நன்றி அட்டை எனக் கொடைக்கேற்ற வெகுமதிகளை அடுக்குகின்றன. 'மந்தன்' நிகழ்வில் இவற்றின் இடத்தை நிரப்பியவை முன்பே நிலைபெற்றிருந்த ஒரு சங்கமும் அதன்மீது உறுப்பினர் கொண்டிருந்த நம்பிக்கையும். சங்கம் இல்லாத இடத்தில் இம்முறையை அப்படியே நடவு செய்ய இயலாது. ஊக்க வடிவமைப்பை ஆராய்வோர் வெகுமதிப் பட்டியலுக்கு முன்னர் அந்தச் சங்கத்தின் வரலாற்றைப் படிக்க வேண்டியிருக்கும்.